அதே பாலம்

ராஜினாமாக் கடிதத்துக்குக் கனமில்லை.
மேல்கோட்டின் உள்பையில் செருகினால்
ஒரு புடைப்பும் தெரியாது.
எனக்கு மட்டும் தெரிந்துவிடும்.
கடிதம் இருக்கும் நாளில் அவர்
பின்னிருக்கைக்குப் போகமாட்டார்,
முன்கதவைத் தானே திறந்து
என் பக்கத்தில் உட்காருவார்,
நடுநிசியில் பிரசவத்துக்குக் கிளம்பும்
ஊர் மருத்துவர்போல.
"பாலத்து வழியே போகலாம், ஓதிலோன்.
இனி அவசரம் ஒன்றுமில்லை."

லெயோன்ஸ் வல்மரி.
நான்கு முறை தலைமை அமைச்சர்.
ஒவேர்ன் மேட்டுநிலத்தில்
கஷ்கொட்டை மரத்தடியில் கோவேறு கழுதையைக் கட்டிவிட்டு
நாக்கை நீட்டச் சொல்லிப் பழகியவர்.
சட்டமன்றத்திலும் அதையே செய்தார்:
எல்லாக் கட்சியும் அவரிடம் நாக்கை நீட்டின.

அப்போது பாரிஸில்
ரொட்டிக்குச் சீட்டு, சோப்புக்குச் சீட்டு,
நிலக்கரிக்கு விடியலிலிருந்தே வரிசை.
அமைச்சரவைக்குத்தான் பஞ்சமில்லை,
கேட்டபோதெல்லாம் புதிதாகக் கிடைத்தது.

முதல் முறை பதினொரு மாதம்.
வடக்கே சுரங்கங்கள் வேலை நிறுத்தின.
படை அனுப்பும் தாளில் அவர் கையெழுத்திட்டது
என் வண்டியில், மடியில் தொப்பியை வைத்து, அதன்மேல்.
மூன்றாம் நாள் ஒருவன் செத்தான்.
"வயது என்ன?" என்று கேட்டார்.
இருபத்தாறு என்றேன், வானொலி சொன்னதை.
அதன்பின் ஆற்றோரம் முழுக்க அவர் பேசவில்லை.
என் மைத்துனன் எலுவா அதே சுரங்கத்தில்தான்
கரி வெட்டினான்.
அன்றிரவு அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்,
வணக்கம் சொல்லவில்லை.
கவனித்திருக்கிறார்.
மறுநாளிலிருந்து
கதவை அவரே திறந்துகொண்டார்.

இரண்டாம் முறை ஒன்பது நாள்.
நாற்காலியில் சூடு ஏறுமுன்
ஆள் இறங்கியாயிற்று.
மூன்றாவது கவிழ்ந்தது பீட்ரூட் சாராயத்தின் வரியில்,
ஆறு வாக்குகளில்.
அந்த ஆறு பேரும் முந்தின ஞாயிறு
அவர் வீட்டில் வாத்துக்கறி தின்றவர்கள்.

"கவிழ்ந்தது!" என்று கூவி
வாசலில் பையன்கள் தாள் விற்பார்கள்.
உள்ளே எர்மான்ஸ் அம்மையார்
கழுவிய கோப்பைகளைத் துணிமேல்
ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்.
"இதுவும் கவிழ்ந்ததுதான், ஓதிலோன்.
காலையில் காப்பிக்கு நிமிர்த்த வேண்டும்."
அரசு மாளிகையில் நான்கு முறை குடியிருந்தும்
அவர் திரைச்சீலை மாற்றியதில்லை.
ஒரு பெட்டியைப் பிரிக்கவே இல்லை.
அதற்குள் என்ன என்று
நான் கேட்கவுமில்லை.

"காய்ச்சலில் பாதி தானாகவே இறங்கிவிடும்,
பேர் மட்டும் நமக்கு வரும்" என்பார்.
மீதிப் பாதி?
ஒருமுறை கேட்டேவிட்டேன்.
கண்ணாடியைத் துடைத்தார்.
"மீதிப் பாதிக்குத்தான் கையெழுத்து."

நான்காம் முறை
கடலுக்கு அப்பாலிருந்து தந்திகள் வந்தன.
காலனியில் போர், சவப்பெட்டிக் கணக்கு.
அவற்றைப் படித்துப் படித்து
அவர் கழுத்து காலருக்குள் மெலிந்தது.
மார்ச் மாதம், மழை.
முன்கதவு திறந்தது.

பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னார்.
கீழே கரி ஏற்றிய படகுகள்
ஒன்றன்பின் ஒன்றாக.
"உன் மைத்துனன் எப்படி இருக்கிறான்?"
அவருக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.
நெஞ்சில் தூசி, ஐயா.
படியேற நின்று நின்று ஏறுகிறான்.
"அழைத்து வா. கேட்டுப் பார்க்கிறேன்.
நாளையிலிருந்து எனக்கு நேரம் இருக்கிறது."
நான் வண்டியைக் கிளப்பினேன்.
குடியரசுத் தலைவர் மாளிகையில்
ஏழு நிமிடம். திரும்பி வந்தபோது
உள்பை தட்டையாக இருந்தது;
எப்போதும் அப்படித்தான் இருந்தது.

எலுவா வரமாட்டேன் என்றான்.
"இருப்பதே அரைப்படி மூச்சு.
அதையும் அரசாங்கம் அளக்க வேண்டுமா?"
இதை நான் போய்ச் சொல்லவில்லை.
அவரும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை.
அந்த வாரமே அம்மையாரும் அவரும்
பிரிக்காத பெட்டியோடு ரயிலேறினார்கள்.

புதியவர் பின்னிருக்கையில் ஏறினார்.
குட்டையான மனிதர், வேகமாகப் பேசுகிறார்,
எந்தப் பாலம் என்று கேட்பதில்லை.
என் பக்கத்து இருக்கை
நீண்ட கால்களுக்காகப் பின்தள்ளியபடியே இருக்கிறது.
முன்னுக்கு இழுக்கும் நெம்புகோல்
கைக்கெட்டும் தூரத்தில்தான்.